ஒரு மூச்சுக்கு இரண்டு துடிப்பு

அந்த ஊருக்கு மூன்றுபாலம் என்று பெயர். சீன தேசத்தில், தெற்கே, ஓர் ஆற்றங்கரையில் இருந்தது. போய்ப் பார்த்தால் இரண்டு பாலம்தான் இருக்கும். மூன்றாவதை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. ஊர்ப் பெயரை மாற்ற மேலிடத்துக்கு மனுப் போட வேண்டும். அதற்கு யாருக்கு நேரம்? அப்படியே விட்டுவிட்டார்கள்.

அங்கே வைத்தியம் பார்த்தவர் மெங் ரோ. பெண். வயது நாற்பத்திரண்டு. அவருடைய ஒரே சீடர் கு பெய்க்கு ஐம்பத்தெட்டு. சீடரைக் குரு 'அண்ணா' என்று கூப்பிடுவார். சீடர் அவரை 'குருவே' என்பார். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். அவர்கள் இருவருக்கும் வந்ததில்லை.

பெய் அதற்கு முன்பு தராசுக்கோல் செய்து விற்றவர். வெள்ளம் வந்த வருஷம் அவருடைய மகன் ரென் ஆற்றோடு போனான். பத்தொன்பது வயது. பாலம் போனபின் அக்கரைக்குப் படகு விட்ட ஹுவோ என்பவர், ஆறு பேர் ஏற வேண்டிய படகில் பதினொரு பேரை ஏற்றினார். நடு ஆற்றில் படகு கவிழ்ந்தது. நான்கு பேர் செத்தார்கள். ஹுவோ நீந்திக் கரையேறிவிட்டார். நீதிமன்றம் அவருக்கு நாற்பது பிரம்படி கொடுத்து வீட்டுக்கு அனுப்பியது.

பெய் கடையைப் பூட்டிவிட்டு மெங் ரோவின் வாசலில் வந்து நின்றார்.

"என் பிள்ளையைத்தான் காப்பாற்ற முடியவில்லை. வேறு யாரையாவது காப்பாற்றக் கற்றுக்கொடுங்கள்."

மெங் ரோ மருந்து இடிக்கிற உலக்கையை எடுத்து அவர் கையில் கொடுத்தார். இரண்டு வருஷம் இடித்தார். மூன்றாம் வருஷம் நாடி பார்க்கக் கற்றார்.

அவர்கள் வைத்தியம் நமக்கு அந்நியமில்லை. நம் வைத்தியர்களைப் போலவே மணிக்கட்டில் மூன்று விரல் வைப்பார்கள். உடம்புக்குள் ஓடுகிற உயிர்ச்சக்தியை 'ச்சி' என்பார்கள். சூடும் குளிரும் சமமாக இருந்தால் அது ஒழுங்காக ஓடும். ஒன்று ஏறி ஒன்று இறங்கினால் நோய். எது ஏறியிருக்கிறது என்று தெரிய நாடியை எண்ண வேண்டும். கடிகாரம் இல்லாத காலம். அதனால் வைத்தியரின் மூச்சுதான் அளவு. அவர் ஒருமுறை மூச்சை இழுத்து விடுகிற நேரத்தில் நோயாளியின் நாடி நான்கு தடவை அடித்தால் நலம். ஐந்தும் பரவாயில்லை. ஆறு, ஏழு என்றால் சூடு. மூன்று என்றால் குளிர். இரண்டு என்றால் குளிர் எலும்புக்குள் இறங்கிவிட்டது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்த ஊரில் கஷாயம் குடித்து முடித்ததும் சட்டியில் மிஞ்சும் சக்கையை வாசலுக்கு எதிரே, நடுத்தெருவில் கொட்டுவார்கள். போகிற வருகிறவர்கள் கால் பட்டு நோய் போய்விடும் என்று நம்பிக்கை. எந்த வீட்டில் மருந்து குடித்துவிட்டார்கள் என்று தெருவில் நடந்தாலே தெரியும். அங்கே யாரும் இதைத் தப்பாக நினைப்பதில்லை.

*

கோடையின் உச்சத்தில் ஒரு நாள். நம் கத்திரி வெயில் போல வெயில். விடிந்ததும் மேற்கே ஒரு கிராமத்திலிருந்து ஆள் வந்து மெங் ரோவைக் கூப்பிட்டார்கள். யாருக்கோ பிரசவம் இழுத்துக்கொண்டிருந்தது.

"அண்ணா, இன்று என் முக்காலியில் நீங்கள் உட்காருங்கள்" என்று சொல்லிவிட்டு மெங் ரோ கிளம்பினார்.

"நானா?"

"வேறு யார் இருக்கிறார்கள்?"

மதியத்துக்குச் சற்று முன்பு அவர் திரும்பி வந்தபோது பெய் வாசலிலேயே நின்றிருந்தார். முகமெல்லாம் பூரித்துக் கிடந்தது. குருவின் கைப்பெட்டியை வாங்கி வைத்தார், கால் கழுவத் தண்ணீர் ஊற்றினார். தேநீர் கொண்டுவந்து கொடுத்தார். அதுவரை அடக்கி வைத்திருந்தது பொங்கிவிட்டது.

"குருவே, சமநிலை என்றால் என்ன என்று மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். நீங்கள் பதிலே சொல்லவில்லை. இன்று எனக்கே தெரிந்துவிட்டது."

"அப்படியா?"

"காலையில் முதல் நோயாளி யார் தெரியுமா? ஹுவோ."

மெங் ரோ தேநீரைக் கீழே வைத்தார்.

"அவனேதான். என் பிள்ளையை முழுங்கிய படகுக்காரன். மூன்று வருஷமாக அவன் முகத்தை நான் பார்க்கவில்லை. பெண்டாட்டி தாங்கிப் பிடித்துக் கூட்டிவந்தாள். எனக்கு எதிரே உட்கார்ந்து கையை நீட்டினான். நான் என்ன செய்தேன் தெரியுமா? மற்றவர்களைப் பார்ப்பதுபோலவே பார்த்தேன். நாடி பார்த்தேன், மருந்து எழுதினேன், பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை."

"என்ன சொன்னீர்கள்?"

"ஒன்றுமே சொல்லவில்லை. மனசு ஓர் ஊசிமுனை அளவுகூட அசையவில்லை, குருவே."

இதைச் சொல்லும்போது பெய்க்குக் கண் கலங்கியது. பெருமையில்தான். யாராக இருந்தாலும் கலங்கியிருக்கும்.

மெங் ரோ பாராட்டவில்லை. "மருந்துக் குறிப்பேட்டைக் கொடுங்கள்" என்றார்.

அவருடைய மருந்தகத்தில் எந்த மருந்து கொடுத்தாலும் குறிப்பேட்டில் ஒரு பிரதி எழுதி வைக்க வேண்டும். பெய் குண்டு குண்டான எழுத்தில் அழகாக எழுதியிருந்தார். காலையில் வந்தவர்கள் ஒன்பது பேர். மெங் ரோ கடைசி ஆளிலிருந்து மேலே படித்துக்கொண்டு போனார்.

"தச்சர். சுக்கும் பட்டையும். நாடி?"

"மூன்று, குருவே. குளிர்."

"மாவு ஆலையில் வேலை செய்கிற அக்கா. சுக்கும் பட்டையும்."

"மூன்று."

"பள்ளி வாத்தியார். சுக்கு."

"அவருக்கும் மூன்று."

மெங் ரோ விரலால் வரிசையைத் தடவிக்கொண்டே போனார். சுக்கு, பட்டை, சுக்கு, பட்டை. எட்டுப் பேருக்கும் அதே கதைதான்.

"அண்ணா, வெளியே நாய்கூட நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறது. இந்த வெயிலில் ஊருக்கே குளிர் கண்டுவிட்டதா?"

"எனக்கும் ஆச்சரியமாகத்தான் இருந்தது, குருவே. ஆனால் நாடி பொய் சொல்லாது இல்லையா."

மெங் ரோ ஏட்டை மூடாமலே தன் இடது கையை நீட்டினார்.

"என் நாடியைப் பாருங்கள்."

பெய் மூன்று விரலை வைத்தார். மூச்சை இழுத்தார், விட்டார். மறுபடி இழுத்தார். முகம் வெளுத்தது. விரலை எடுத்துவிட்டு இன்னொருமுறை வைத்தார்.

"குருவே."

"சொல்லுங்கள்."

"உங்களுக்கு எவ்வளவு நாளாக இப்படி இருக்கிறது? என்னிடம் ஏன் சொல்லவில்லை?" அவர் பதறி எழுந்தார். "மூன்றுதான் அடிக்கிறது. மூன்றுகூட முழுதாக இல்லை. படுங்கள். முதலில் படுங்கள். நான் அடுப்பு மூட்டுகிறேன்."

"மூன்று கல் வெயிலில் நடந்து வந்திருக்கிறேன். வேர்த்துக் கொட்டுகிறது. எனக்குக் குளிரா?"

பெய் விழித்தார்.

"அண்ணா, உங்கள் தராசுக் கடையில் காலையில் முதல் வேலையாக என்ன செய்வீர்கள்?"

"வெறும் தட்டைத் தொங்கவிட்டுப் பார்ப்பேன்."

"எதற்கு?"

"கோல் நேராக நிற்கிறதா என்று…"

சொல்லிக்கொண்டிருந்தவர் பாதியில் நின்றுவிட்டார். தன் மார்பைக் குனிந்து பார்த்தார். சட்டையின் முன்பக்கம் ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஓடி வந்தவன் மார்பு போல. காலையிலிருந்தே அப்படித்தான் இருந்திருக்கிறது. தன் மூச்சு வேகமாக ஓடினால் ஊரார் நாடியெல்லாம் மெதுவாகத்தான் தெரியும். ஊருக்குக் குளிர் கண்டிருக்கவில்லை.



"சுக்குக் குடித்து யாரும் சாகமாட்டார்கள். கொஞ்சம் வேர்க்கும், கொஞ்சம் எரியும். திட்டுவார்கள்" என்றார் மெங் ரோ. பிறகு ஏட்டின் முதல் வரிக்கு வந்தார். விரல் அங்கேயே நின்றது.

"ஹுவோவுக்கு மட்டும் வசநாபி எழுதியிருக்கிறீர்கள்."

பெய் ஏட்டைக் குனிந்து பார்த்தார்.

"இவருக்கு நாடி எத்தனை?"

"இரண்டு."

"தண்ணீர் கேட்டாரா?"

"கேட்டான். மூன்று குவளை குடித்தான்."

"கண்?"

"சிவந்திருந்தது."

"உதடு?"

"வெடித்திருந்தது. வெளியே சூடு, உள்ளே குளிர் என்று நினைத்தேன், குருவே. அப்படியும் ஒரு நிலை உண்டு என்று நீங்கள்தானே சொன்னீர்கள். இரண்டுதான் அடித்தது. சத்தியமாக இரண்டுதான் அடித்தது."

வசநாபி வேர் கொடிய விஷம். பக்குவம் செய்து, நேரம் போகக் கொதிக்க வைத்து, குளிரில் விறைத்துச் சாகக் கிடப்பவனுக்குக் கொடுத்தால் எழுந்து உட்காருவான். சூட்டில் வெந்துகொண்டிருப்பவனுக்குக் கொடுத்தால் என்ன ஆகும் என்று பெய்க்குத் தெரியும். மூன்று வருஷம் அதைத்தானே படித்தார்.

மெங் ரோ அதற்குள் விஷத்தை முறிக்கிற அதிமதுரத்தையும் பச்சைப்பயறையும் பையில் அள்ளிக்கொண்டிருந்தார். எதிர்வீட்டில் துணி வெளுக்கிற பெண் ஒருத்தி இருந்தாள். அவளைக் கூப்பிட்டு எட்டு வீட்டின் பெயரையும் சொல்லி, "மருந்து மாறிப்போச்சு, குடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாம்மா" என்று அனுப்பினார்.

"நடங்கள், அண்ணா. ஓடாதீர்கள். ஓடினால் போய்ச் சேர்ந்த பிறகு உங்களால் ஒன்றும் செய்ய முடியாது."

நடந்தார்கள். அதை நடை என்று சொல்ல முடியாது.

*

வழியில் தச்சர் வீட்டு வாசலில் சக்கை கிடந்தது. சுக்கின் சுருங்கிய தோலும் பட்டைத் துண்டும். பெய் அதைத் தாண்டும்போது கால் தடுமாறினார்.

"அது வெறும் சுக்கு" என்றார் மெங் ரோ.

மாவு ஆலை அக்கா வீட்டில் ஒன்றும் இல்லை. வாத்தியார் வீட்டில் ஒன்றும் இல்லை.

"குருவே, அவன் செத்துவிட்டால் ஊர் என்ன சொல்லும்? பிள்ளைக்குப் பழி வாங்கிவிட்டேன் என்றுதானே சொல்லும்?"

"சொல்லும்."

"நான் அப்படி நினைக்கவில்லை. ஒரு நிமிஷம்கூட நினைக்கவில்லை."

மெங் ரோ நடந்துகொண்டே இருந்தார்.

படகுத்துறைக்குப் போகிற சந்தில் கடைசி வீடு ஹுவோவுடையது. மூன்று வருஷமாகப் பெய் அந்தச் சந்துப் பக்கமே வந்ததில்லை. சந்து திரும்பியதும் அவர் கண் தெருவைத்தான் தேடியது. மண் சுத்தமாக இருந்தது. ஒரு சருகு, இரண்டு கோழி, வேறொன்றும் இல்லை.

பெய்க்கு உயிர் வந்தது. சுவரில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"குடிக்கவில்லை. குருவே, இன்னும் குடிக்கவில்லை."

கதவு திறந்தது. ஹுவோவின் மனைவி சிங், கையில் கரி படிந்த சட்டியோடு வெளியே வந்தாள். இவர்களைக் கவனிக்கவில்லை. நடுத்தெருவுக்கு வந்து சட்டியைக் கவிழ்த்தாள். சக்கை விழுந்தது. ஆவி பறந்துகொண்டிருந்தது.

அதற்குப் பிறகுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஐயா, நீங்களே வந்துவிட்டீர்களா?" அவள் முகம் மலர்ந்தது. "இப்போதுதான் குடித்தார். ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை. காலையில் அங்கே வரவே மாட்டேன் என்றார், நான்தான் இழுத்துக்கொண்டு வந்தேன். நீங்கள் அவர் கையைத் தொட்டுப் பார்த்தீர்களே, வீட்டுக்கு வந்து அழுதார், ஐயா. மூன்று வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை."

பெய்யின் கண் சக்கையைவிட்டு நகரவில்லை.

"இதை மிதித்துவிட்டு உள்ளே வாருங்கள். நீங்கள் மிதித்தால் நோய் கட்டாயம் போய்விடும்" என்றாள்.

மெங் ரோ சக்கைக்கு முன்னால் குந்தி, அதிலிருந்து விரல் நீளத்தில் ஒரு துண்டை எடுத்தார். கறுப்பாக இருந்தது. நகத்தால் கீறினார். உள்ளே இன்னும் கெட்டியாக இருந்தது.

"சிங், இந்த வேரைத் தனியாக எவ்வளவு நேரம் கொதிக்க வைத்தாய்?"

"தனியாகவா? எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டேன். ஒரு கொதி வந்ததும் இறக்கிவிட்டேன். தனியாகக் கொதிக்க வைக்க யாரும் சொல்லவில்லையே."

மெங் ரோ பெய்யைத் திரும்பிப் பார்த்தார்.

வசநாபி கொடுத்தால், இரண்டு ஊதுபத்தி எரிகிற நேரம் வேரைத் தனியாகக் கொதிக்க வையுங்கள் என்று சொல்லித்தான் கொடுக்க வேண்டும். உலக்கையோடு சேர்த்துக் கற்றுக்கொடுக்கிற முதல் பாடம் அது. எட்டுப் பேருக்கு, வெறும் சுக்குக்கே, எத்தனை குவளைத் தண்ணீர், எந்தச் சட்டி, எவ்வளவு தீ என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னவர் பெய். அவருக்கு இப்போது நினைவு வந்தது. ஹுவோவிடம் அவர் ஒன்றுமே சொல்லவில்லை.

*

ஹுவோ பாயில் கிடந்தார். கண் திறந்துதான் இருந்தது. வாயோரம் எச்சில் வழிந்தது, துடைக்கக் கை எழவில்லை. மார்பு விட்டு விட்டு ஏறியது. அந்த மனிதர் ஒரு காலத்தில் நாலு மூட்டை அரிசியை ஒற்றை ஆளாகப் படகில் ஏற்றியவர். இப்போது வெறும் எலும்பாக இருந்தார்.

மெங் ரோ உப்புத் தண்ணீர் கேட்டார். ஹுவோவின் தலையைத் தூக்கித் தன் முழங்காலில் வைத்து, குடம் குடமாகப் புகட்டி வாந்தி எடுக்க வைத்தார். சிங்கிடம் பயறையும் அதிமதுரத்தையும் கொடுத்து, கொதிக்க வைக்கச் சொன்னார். குரல் உயரவில்லை. பக்கத்து வீட்டில் உப்பு கடன் கேட்பவர்போலத்தான் பேசினார்.

பெய் வாசற்படியிலேயே நின்றுகொண்டிருந்தார். உள்ளே வரத் தைரியம் இல்லை, வெளியே போகவும் முடியவில்லை. கடைசியில் பாயருகே வந்து மண்டியிட்டார்.

"ஹுவோ, நான் தப்பான மருந்து கொடுத்துவிட்டேன்."

ஹுவோ அவரைப் பார்த்தார். நாக்குக் குழறியது. ஆனாலும் புரிந்தது.

"தப்பாகவா?"

"ஆமாம்."

"அப்படியா." ஹுவோ கூரையைப் பார்த்தார். "நான் வேறுமாதிரி நினைத்தேன்."

"என்ன நினைத்தீர்?"

"முதல் மடக்கிலேயே உதடு மரத்தது. வசநாபி எனக்குத் தெரியும். அம்பில் தடவுவார்கள். எத்தனை வேட்டைக்காரர்களை அக்கரைக்குக் கொண்டுபோய் விட்டிருக்கிறேன்." மூச்சு வாங்கினார். "நீங்கள் கொடுத்ததாயிற்றே. உங்கள் மனசு ஆறட்டும் என்று மிச்சத்தையும் குடித்துவிட்டேன்."

அடுப்பருகே இருந்த சிங்கின் கையிலிருந்து அகப்பை விழுந்தது.

"தெரிந்தேவா குடித்தாய்?" என்றாள். கணவனை அவள் அதற்கு முன் ஒருமையில் கூப்பிட்டதில்லை. பிறகு பெய்யைப் பார்த்தாள். "ஐயா, விஷமா கொடுத்தீர்கள்? வேண்டுமென்றா கொடுத்தீர்கள்?"

இல்லை என்று சொல்லப் பெய் வாயைத் திறந்தார். அந்தச் சொல் வரவில்லை. காலையில் நடந்ததை நினைத்துப் பார்த்தார். கையை நீட்டியது, எண்ணியது, இழுப்பறையைத் திறந்தது, வேரை எடுத்தது, பொட்டலம் கட்டியது. எல்லாம் நினைவில் இருந்தது. கொதிக்க வைக்கும் முறையைச் சொல்ல ஏன் மறந்தார் என்பது மட்டும் இல்லை.

"தெரியவில்லை, அம்மா" என்றார். "சத்தியமாக எனக்கே தெரியவில்லை."

அடுப்பில் பயறு கொதித்துப் பொங்கியது.

"சிங், ஆற்றிக் கொண்டு வா" என்றார் மெங் ரோ.

அவள் கொண்டுவந்தாள். மெங் ரோ கரண்டி கரண்டியாகப் புகட்டினார். ஹுவோ துப்பினார், மறுபடி புகட்டினார். பெய் தலையைப் பிடித்துக்கொண்டார். ஹுவோவின் தலை கனமே இல்லாமல் இருந்தது. ஒருமுறை மார்பு ஏறவே இல்லை. பெய் கத்தவில்லை, கத்தத் தெம்பு இல்லை. பிறகு ஏறியது. அதற்குப் பிறகு வெகுநேரம் அவர் அந்த மார்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாடி பாருங்கள், குருவே" என்று இரண்டு தடவை கெஞ்சினார். மெங் ரோவின் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. "இன்னொரு கரண்டி" என்று மட்டும் சொன்னார்.

பொழுது சாயும் நேரத்தில் ஹுவோவுக்கு வேர்த்தது. விரல் மடங்கியது. சிங் கஞ்சி கொண்டுவந்து நாக்கில் தொட்டு வைத்தாள்.

ஹுவோ முகத்தைச் சுளித்தார்.

"உப்பை அள்ளிக் கொட்டியிருக்கிறாய்" என்றார்.

சிங் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். மத்தியானம் முழுக்க அடக்கி வைத்திருந்த அழுகை அது. நாக்குக்கு உப்புத் தெரிந்துவிட்டது. விஷம் இறங்கத் தொடங்கிவிட்டது.

ஹுவோ பெய்யைப் பார்த்தார். பெய் ஹுவோவைப் பார்த்தார். கிளம்பும்போது பெய் அவர் பாயின் ஓரத்தைச் சரிசெய்துவிட்டு வந்தார்.

வாசலில் சக்கை காய்ந்து கிடந்தது. பெய் அதைத் தாண்டவில்லை. மிதித்துக்கொண்டு போனார்.

*

வழியில் துணி வெளுக்கிற பெண் எதிரே வந்தாள்.

"எட்டு வீட்டிலும் சொல்லிவிட்டேன். தச்சர் மட்டும் குடித்துவிட்டாராம். குளத்தில் விழுந்தவர்போல வேர்த்துக் கிடக்கிறார். உங்களை என்ன திட்டுத் திட்டுகிறார் தெரியுமா?" என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனாள்.

மூன்றாவது பாலம் இருந்த இடத்தில் படிக்கட்டு மட்டும் மிஞ்சியிருந்தது. மெங் ரோ அங்கே போய் உட்கார்ந்தார். பெய் இரண்டு படி கீழே உட்கார்ந்தார். ஆற்றில் தண்ணீர் குறைவாக இருந்தது. பிள்ளை போன இடத்தில் முழங்கால் ஆழம்கூட இல்லை. யாரோ இறங்கி நடந்து அக்கரைக்குப் போனார்கள்.

"குருவே, நாளையிலிருந்து எனக்கு உலக்கை மட்டும் போதும். இனி யார் கையையும் தொடமாட்டேன்."

"சரி. நாளைக் காலையில் ஹுவோவுக்கு யார் நாடி பார்ப்பது?"

"நீங்கள்தான். உங்களுக்குத்தான் எதுவும் அசையாது. பக்கத்திலேயே இருந்து பார்த்தேனே. கை நடுங்கவில்லை, குரல் மாறவில்லை. மனசு அசையவில்லை என்று உங்களிடமே வந்து பீற்றிக்கொண்டேன். நினைத்தாலே கூசுகிறது."

"அங்கே நான் அவர் நாடியைப் பார்த்தேனா?"

பெய் யோசித்தார். உப்புத் தண்ணீர், வாந்தி, கஷாயம், நெற்றியைத் துடைத்தது. ஹுவோவின் கை மத்தியானம் முழுக்க மெங் ரோவின் முழங்காலுக்குப் பக்கத்தில்தான் கிடந்தது. உள்ளங்கை மேலே பார்க்க, மணிக்கட்டு விரிந்து. ஒரு விரல்கூட அதன்மேல் படவில்லை.

பெய் திடுக்கிட்டார்.

"இல்லை. நான் கெஞ்சியும் பார்க்கவில்லை."

"ஏன் என்று கேட்கவில்லையே."

"ஏன், குருவே?"

"என் மூச்சு ஓடிக்கொண்டிருந்தது. விரல் வைத்திருந்தால் எனக்கும் இரண்டுதான் கிடைத்திருக்கும். எனக்கு அது தெரியும். அதனால் தொடவில்லை."

பெய் படியிலிருந்து எழுந்துவிட்டார். நாற்பத்திரண்டு வயதில் இருபது வருஷம் நாடி பார்த்த கை அது. ஊரே கொள்ளைநோயில் கிடந்தபோதுகூட அந்த மூச்சு ஏறி இறங்கியதை யாரும் பார்த்ததில்லை என்று சொல்வார்கள்.

"உங்களுக்கா? உங்களுக்கு எதற்கு ஓட வேண்டும்? ஹுவோ உங்களுக்கு யார்? உறவா, வேண்டியவரா?"

"ஹுவோவுக்காக ஓடவில்லை" என்றார் மெங் ரோ. "அவர் செத்திருந்தால் நாளைக்கு உங்களைத் தூக்கில் போட்டிருப்பார்கள், அண்ணா."

பெய் மறுபடி படியில் உட்கார்ந்தார்.